நெல் விற்ற காசுக்கு ஏன் அலேர்ட்? வங்கிக் கணக்காய்வுக்கு வரும் நிபுணத்துவ முறைமைக்கு நம்ம பக்கத்து விதிகளைச் சொல்லுங்கள்

கல்லடிப்பாலம்

வணக்கம். மட்டக்களப்பில் ஒரு வங்கியின் பிராந்திய உள்ளகக் கணக்காய்வில் வேலை செய்கிறேன். எந்த வங்கி என்று கேட்க வேண்டாம். கணக்காய்வுக்கும் இணங்குவிப்புக்கும் (சட்டவிதிப்படி நடக்கிறோமா என்று பார்க்கும் வேலை) சேர்த்து ஒரு நிபுணத்துவ முறைமையை, அதாவது அனுபவசாலிகளின் அறிவை விதிகளாக வைத்து முடிவு சொல்லும் கணினி நிரலை, தலைமை அலுவலகம் கொண்டுவரப் போகிறதாம். பிராந்தியம் பிராந்தியமாக விதி எழுதி அனுப்பச் சொல்லிப் படிவம் வந்திருக்கிறது. அதில் இரண்டே கட்டம்தான்: "எனில்", "அப்போது".

இப்போது இருக்கும் எச்சரிக்கை முறை தரும் தலையிடி கிளையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெரும்போகம் வெட்டி முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் வயற்காரர் காசைக் கொண்டுவந்து போட்டால் ஆளுக்கொரு அலேர்ட். "வழமைக்கு மாறான காசு வைப்பு." வருசத்துக்கு இரண்டு போகம் விளைகிற ஊரில் இரண்டு தடவை மொத்தமாகக் காசு வருவதுதான் வழமை. விதி எழுதியவர் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்.

அதன் விளைவைச் சொல்கிறேன். ஒரு கிளையில் மூடிய அலேர்ட்களை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே காரணம்: "எமக்கு நன்கு தெரிந்த வாடிக்கையாளர்." ஆங்கிலத்தில் அடித்திருந்த அந்த வரியில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. பட்டியலின் அடிவரை அதே எழுத்து விடுபட்டே வந்தது. ஒருத்தர் ஒருமுறை அடித்ததை எல்லோரும் ஒட்டியிருக்கிறார்கள்.

புது முறைமைக்கும் இதே கதி வரக்கூடாது என்று நினைக்கிறேன். போகத்தை விதிக்குள் எப்படிக் கொண்டுவருவது? வேறு என்ன விதிகள் கேட்கலாம்?

வாகரைக்காற்று

"அறுவடை மாதம் எனில், அப்போது அலேர்ட்டை நிற்பாட்டு." அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போங்க மச்சான்.

அக்கரைப்பற்று_கொம்பிளையன்ஸ்

பகிடியாகச் சொன்னாலும் இதைத்தான் பாதிப் பேர் எழுதி அனுப்புவார்கள். அப்படி ஒரு விதி இருப்பது வெளியே தெரிந்தால் மார்ச் மாதத்தில் எல்லோரும் விவசாயிதான்.

முதலில் இரண்டு விசயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், 10 இலட்சம் ரூபா எல்லையைத் தாண்டும் காசுக் கொடுக்கல்வாங்கல் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு எப்படியும் போகும். அதில் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை, தொகை மட்டும்தான் கணக்கு. சந்தேக அறிக்கை வேறு. அதற்குத் தொகை எல்லை கிடையாது. சந்தேகம் ஏற்பட்டால் இரண்டு வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். போடியார் (பெரிய வயற்காரர்) ஒருவர் 15 இலட்சம் போட்டால் முதலாவது அறிக்கை தானாகப் போகும், அவ்வளவுதான். அவர் காலையில் கல்முனையில் 980,000, பின்னேரம் அக்கரைப்பற்றில் 980,000, அடுத்த நாள் மட்டக்களப்பில் இன்னொரு 980,000 என்று போட்டால்தான் எனக்கு வேலை.

இதை விதியாக எழுதுவது லேசு. எல்லைக்குக் கொஞ்சம் கீழே, கிட்டக் கிட்ட நாட்களில், வெவ்வேறு கிளைகளில், ஒரே ஆள். பிரச்சினை "ஒரே ஆள்" என்பதில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இப்போது கவுண்டரில் கூட்டம்.

வந்தாறுமூலை_நிரல்

நான் வங்கிக்காரன் இல்லை, நிரல் எழுதுகிறவன். இந்த முறைமை என்ன செய்யும் என்பதில் இரண்டு வார்த்தை.

நிபுணத்துவ முறைமை புதுச் சாமான் இல்லை. 1970களில் ஸ்டான்போர்டில் மைசின் என்று ஒன்று செய்தார்கள். இரத்தத்தில் கிருமித்தொற்று உள்ளவருக்கு எந்த அன்ரிபயோட்டிக் கொடுக்கலாம் என்று சொல்லும். மருத்துவர்களின் அறிவை நூற்றுக்கணக்கான "எனில்–அப்போது" விதிகளாக உடைத்து வைத்திருந்தார்கள். அதில் எனக்குப் பிடித்த இடம் என்னவென்றால், அது ஒரு கேள்வி கேட்டால் மருத்துவர் திருப்பி "ஏன் கேட்கிறாய்?" என்று கேட்கலாம். எந்த விதியைச் சோதிக்கிறேன், இதுவரை என்ன தெரிந்தது என்று அது சொல்லும்.

கணக்காய்வுக்காரரும் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். 1980களில் கூப்பர்ஸ் அண்ட் லைப்ராண்ட் என்ற கணக்காய்வு நிறுவனம் வரித் திட்டமிடலுக்கு எக்ஸ்பர்டாக்ஸ் செய்தது. பீட் மார்விக் என்ற இன்னொரு நிறுவனம் வங்கிக் கடன் நட்ட ஒதுக்கீடு போதுமா என்று பார்க்க லோன் புரோப் செய்தது. 1993இல் அமெரிக்காவில் நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் அரச அமைப்பான ஃபின்சென், வங்கிகளில் இருந்து வரும் 10,000 டொலருக்கு மேற்பட்ட காசு அறிக்கைகளை அலச ஃபெயிஸ் என்ற முறைமையை ஓட்டத் தொடங்கியது. உங்கள் தலைமை அலுவலகம் இப்போது கேட்பதும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் கணினி ஓடர்களைச் சரிபார்க்க 1980 அளவில் எக்ஸ்கொன் வந்தது. நன்றாக வேலை செய்தது, நிறையக் காசும் மிச்சம் பிடித்தது. ஆனால் புதுப் பொருள் வர வர விதிகளும் பெருகி, அவற்றைப் பராமரிக்கவே தனிக் குழு வேண்டியதாயிற்று. ஆயிரமாவது விதி இருபதாவது விதியோடு முட்டுமா என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது. கல்லடிப்பாலம் அண்ணன், ஐம்பது விதி அனுப்பாதீர்கள். ஆறு அனுப்புங்கள்.

ஏஐ_தம்பி

2020களில் இருந்துகொண்டு இன்னும் எனில்–அப்போதா? தரவு இருக்கிறதுதானே. இயந்திரக் கற்றலிடம் கொடுத்தால் ஒவ்வொரு வாடிக்கையாளரின் வழமையையும் அதுவே படித்துக்கொள்ளும், போகம் உட்பட. யாரும் விதி எழுதவும் தேவையில்லை.

அக்கரைப்பற்று_கொம்பிளையன்ஸ்

தம்பி, மூன்று வருசத் தரவு என்றால் ஒரு வயற்காரருக்கு ஆறு அறுவடை. ஆறு புள்ளியில் என்ன வழமை படிக்கப் போகிறது? படிக்கக் கொடுக்கும் விடைகள் எவை என்றும் பாருங்கள்: அண்ணன் மேலே சொன்ன அந்த ஒட்டு வாசகங்கள். "நன்கு தெரிந்தவர்" என்று மூடியதெல்லாம் நல்ல கணக்கு என்று அதுவும் படிக்கும்.

மத்திய வங்கிப் பரிசோதகர் வந்து "இந்தக் கணக்கை ஏன் விட்டீர்கள்" என்று கேட்டால், ஏஐ மாதிரி கொடுத்த மதிப்பெண் 0.31 என்று நான் காட்ட முடியாது. எந்த அலேர்ட்டை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்த உங்கள் ஏஐயை வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் விதிதான் வேண்டும்.

பழைய_பேரேடு

நான் ஓய்வுபெற்ற ஒடிட்காரன், ஊர் களுவாஞ்சிக்குடி. நீங்கள் எல்லோரும் காசு கழுவுவதிலேயே (கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதிலேயே) நிற்கிறீர்கள். கிளைக்குள் நடப்பதை யார் பார்ப்பது? கேட்டதற்கு மூன்று தருகிறேன். கணினி வருமுன்னே நாங்கள் பேரேட்டைப் புரட்டிப் பிடித்தவை இவை.

முதலாவது, விவசாயக் கடன். 90 நாள் தவணை தவறினால் கடன் செயற்படாக் கடன் ஆகிவிடும், முகாமையாளரின் பெயர் கெடும். ஆகவே எண்பத்தைந்தாம் நாள் பழைய கடன் முழுவதும் கட்டப்பட்டிருக்கும். எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் வவுச்சரின் நேரத்தைப் பாருங்கள். அதே ஆளுக்கு அதே நாளோ மறுநாளோ, கொஞ்சம் கூடின தொகையில் புதுக் கடன் போயிருக்கும். வட்டியையும் சேர்த்துப் புதுக் கடனாக எழுதியிருக்கிறார்கள், ஒரு சதம் கூட வெளியில் இருந்து வரவில்லை. சிலவேளை பழைய கடனைக் கட்டிய காசு ஊழியர் ஒருவரின் சேமிப்புக் கணக்கில் இருந்து காலையில் எடுத்து, புதுக் கடன் வந்ததும் பின்னேரம் திரும்பிப் போயிருக்கும். எனவே விதி: கடன் முடிந்து ஏழு நாளுக்குள் அதே வாடிக்கையாளருக்கு அல்லது அவருக்குப் பிணை நின்றவருக்குப் புதுக் கடன், அத்துடன் முடித்த காசின் ஊற்று வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கில் தெரியவில்லை. பிணை நின்றவரை மறக்காதீர்கள். எழுதுபவர்கள் அதைத்தான் விடுவார்கள்.

இரண்டாவது, லீவுப் புத்தகம். அனுமதி கொடுத்த பதிவையும் லீவுப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகாமையாளர் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போன நாளில் அவருடைய கடவுச்சொல்லில் கொடுக்கல்வாங்கல் அனுமதிக்கப்பட்டிருக்கும். களவு என்று சொல்லவில்லை, அனேகமாக வேலை நிற்கக்கூடாது என்று கொடுத்துவிட்டுப் போவதுதான். ஆனால் களவு நடக்கும்போதும் இதே வழியால்தான் நடக்கும்.

மூன்றாவது, நகை அடகு. விதைப்புக்கு முன் அடகு கூடும், அறுவடைக்குப் பின் மீட்பு கூடும். இது நம்ம ஊர்ப் பழக்கம், இதற்கு அலேர்ட் வேண்டாம். ஊர் முழுக்க மீட்கிற காலத்தில் ஒரு பொதி மட்டும் மீட்கப்படாமல் வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால், ஆள் பெயர் வேறாக இருந்தும் அத்தகைய பொதிகள் எல்லாம் ஒரே உத்தியோகத்தர் மதிப்பிட்டவையாக இருந்தால், போலி நகையா என்று பொதியை உடைத்து உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். கணினி உரைக்காது. எந்தப் பொதியை உரைப்பது என்று சொல்லட்டும்.

வந்தாறுமூலை_நிரல்

ஐயா, மூன்றாவதை வாசித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இந்த அறிவை ஆட்களிடம் இருந்து வெளியே எடுப்பதுதான் இந்தத் துறையில் எப்போதும் சிரமமான வேலை. நிரல் எழுதுவது அதற்குப் பக்கத்திலும் வராது. படிவம் அனுப்பி எடுக்க முடியாது, பக்கத்தில் இருந்து "பிறகு என்ன பார்ப்பீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சம்மாந்துறை_மில்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் வங்கியின் அந்தப் பக்கம் நிற்கிறவன், நெல் மில்லில் கணக்கு எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் பெப்ரவரி, மார்ச் என்று மாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். களத்து நெல்லை அப்படியே விற்பவர் கடன்பட்ட வயற்காரர்தான். கையில் கொஞ்சம் வசதி உள்ளவர் காய வைத்து, வீட்டில் அடுக்கி, விலை ஏறும்வரை பார்த்திருப்பார். அவர் செப்ரெம்பரில் விற்றுக் காசைப் போட்டால் உங்கள் சிஸ்டம் "அறுவடை மாதம் இல்லை" என்று கத்தும். மாதத்தை வைத்து எழுதிய விதி ஏழையை விட்டுவிட்டு நியாயமான பணக்காரனைப் பிடிக்கும். களவாக வருபவன் மாதம் பார்த்து வருவான்.

அப்புறம் குத்தகை. காணி ஒருவர் பெயரில், வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இறங்கி விதைப்பவர் இன்னொருவர். எழுத்தில் ஒன்றும் இருக்காது, வாய்ப்பேச்சுதான். வங்கிக் கோவையில் "காணி இல்லை" என்று இருக்கும் மனிசன் இருபது ஏக்கர் செய்கிறார். அவரை என்ன செய்யப் போகிறீர்கள்?

வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் எத்தனை வயல் மூழ்கியது. அந்தப் போகத்தில் அழிவுக்கு நட்டஈடு கேட்ட காணியில் இருந்து முழு விளைச்சல் காசு வந்தால், அதைக் கேட்கலாம். அது நியாயமான கேள்வி.

கல்லடிப்பாலம்

நானா, நீங்கள் சொன்னதற்குப் பிறகு மாதத்தை முழுதாகத் தூக்கிவிட்டேன். இப்போது இப்படி எழுதியிருக்கிறேன். வெட்டிக் கொத்துங்கள்.

எனில்: வாடிக்கையாளர் விவசாயி என்று கோவையில் இருக்கிறது.
மேலும்: ஒரு அறுவடையில் இருந்து அடுத்த அறுவடை வரையான காசு வைப்பின் கூட்டுத்தொகை, செய்யும் ஏக்கர் × ஏக்கருக்கு 1,800 கிலோ விளைச்சல் × அந்தப் போகத்து நெல் விலை என்ற கணக்கைவிட ஒன்றரை மடங்கு கூட.
மேலும்: வேறு வருமானம் பதிவில் இல்லை.
அப்போது: செய்கைக் காணி விபரத்தைப் புதுப்பி. நெல் விற்ற சிட்டை கேள். இரண்டும் இல்லையென்றால் இணங்குவிப்பு உத்தியோகத்தருக்கு அனுப்பு.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. பத்து ஏக்கர்க்காரருக்கு 18,000 கிலோ, 21 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. ஆறு ஏக்கர் செய்தாலே 12 இலட்சத்து 96 ஆயிரம். அதாவது பெரிய போடியாராக இருக்கத் தேவையில்லை, சாதாரண வயற்காரரே 10 இலட்ச எல்லையைத் தாண்டுகிறார். தலைமை அலுவலகத்துக்கு இந்தக் கணக்கை அப்படியே அனுப்பப் போகிறேன்.

ஒன்றரை மடங்கு என்பது நான் வைத்தது. விளைச்சலும் விலையும் ஆளுக்காள் கூடிக் குறையும் என்பதற்காக.

அக்கரைப்பற்று_கொம்பிளையன்ஸ்

நன்றாக இருக்கிறது. ஆனால் "அப்போது" கட்டம் யாருடைய திரையில் வரப் போகிறது?

கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கு "ஏன்" என்ற விளக்கம் முழுவதும் தெரிந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வந்திருப்பவர் பக்கத்து வீட்டு மாமா. "மாமா, சிஸ்டம் உங்களைச் சந்தேகம் என்று காட்டுது" என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிடும். சந்தேக அறிக்கை போவதை வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்துவது அந்தச் சட்டத்தின்படியே குற்றம். நிரல் தம்பி பாராட்டிய மைசின் மாதிரி, கேட்பவர் எல்லோருக்கும் காரணம் சொல்லும் முறைமை இங்கே சரிவராது. கவுண்டருக்குக் கேள்வி மட்டும் போகட்டும்: "காணி விபரம் பழையது, புதுப்பிக்கவும்." எந்த விதி, எந்தத் தொகை என்பதெல்லாம் எனக்கும் ஒடிட்டுக்கும் மட்டும்.

"ஒரே ஆள்" விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நானாவைக் கேளுங்கள். பெயரை வைத்து ஆளைச் சேர்க்க முடியாது, அடையாள அட்டை இலக்கம்தான் வழி. 2016இல் இருந்து 12 இலக்க அட்டை. அதற்கு முன் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும். ஒரே ஆள் பழைய அட்டையில் ஒரு கிளையிலும் புது அட்டையில் இன்னொரு கிளையிலும் கணக்குத் திறந்தால் முறைமைக்கு இரண்டு ஆள். அந்த மூன்று 980,000 உம் அப்போது ஒன்றாகச் சேராது.

வந்தாறுமூலை_நிரல்

அதை மாற்றும் வழி நேரானது. பழையதன் முன்னால் 19 சேர்த்து, பிறந்த ஆண்டும் நாள் எண்ணும் (பிறந்தது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது) முடிந்த இடத்தில் ஒரு பூச்சியம் செருகி, கடைசி எழுத்தை விட்டால் புதிய இலக்கம். நாள் எண் 500ஐத் தாண்டினால் பெண், 500ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். கோவையில் ஆண் என்று போட்டிருந்தால் அதுவே ஒரு அலேர்ட்.

ஒரு பொறி உண்டு. அந்த நாள் எண் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 இருப்பதாக எண்ணுகிறது. அதைத் தெரியாமல் பிறந்த திகதியைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், லீப் அல்லாத ஆண்டில் மார்ச் முதல் பிறந்த அத்தனை பேருக்கும் ஒரு நாள் பிசகும். ஊரில் பாதிக்கு மேற்பட்ட பேருக்கு அலேர்ட் வரும். மறுகா பழையபடி ஒட்டு வாசகம்தான்.

வாகரைக்காற்று

என்னுடைய வங்கி ஒருமுறை பிறந்த திகதி பிழை என்று கூப்பிட்டு அலைக்கழித்ததன் காரணம் இன்றைக்குத்தான் விளங்குது.

பழைய_பேரேடு

எல்லாம் சரி. இந்த விதிகளை யார் ஒடிட் பண்ணுவது? ஒன்றரை மடங்கு என்று இன்று கல்லடிப்பாலம் எழுதுகிறார். அவர் இடமாற்றம் பெற்று அம்பாறைக்குப் போவார். பிறகு வருபவர் அலேர்ட் கூடிப்போச்சு என்று மூன்று மடங்காக்குவார். யார், எப்போது, எதற்காக மாற்றினார், யார் கையெழுத்து வைத்தார் என்று விதிக்கு ஒரு பேரேடு வேண்டும். நான் இப்போது வேலையில் இருந்தால் கிளைக்குப் போனதும் முதலில் அதைத்தான் திறப்பேன். களவு செய்ய நினைப்பவன் வவுச்சரைத் திருத்த வேண்டியதில்லை, அந்த ஒரு எண்ணைத் திருத்தினால் காணும்.

அலேர்ட்டை மூடும் காரணத்தையும் விதிக்குள் கொண்டுவாருங்கள். ஒரே வாசகம் ஒரே கிளையில் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கிளைக்கே ஒரு அலேர்ட்.

கல்லடிப்பாலம்

ஐயா, கடைசி வரி அப்படியே படிவத்துக்குப் போகிறது.

மிச்சம் இருப்பது நானா கேட்ட குத்தகைதான். எழுத்தில் இல்லாத காணியை எந்தக் கட்டத்தில் போடுவது? கிராம சேவையாளர் கடிதம் கேட்கலாம், ஆனால் ஒவ்வொரு போகத்துக்கும் கடிதம் என்றால் சனம் திட்டும்.

சம்மாந்துறை_மில்

தம்பி, உங்கள் வங்கியிலேயே பாதி விடை இருக்கிறது. உர மானியக் காசு இப்போது வயற்காரரின் கணக்குக்குத்தானே வருகிறது. 2024/25 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா. வந்த தொகையைப் பிரித்தால் கமநல சேவை நிலையத்தில் அவர் எவ்வளவு பதிந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். கடிதம் தேவையில்லை. ஆனால் இரண்டு ஹெக்டேயருக்கு மேல் மானியம் இல்லை, ஆகவே ஐந்து ஏக்கர் வரைக்கும்தான் இந்தக் கணக்கு பேசும். குத்தகைக்காரரில் சிலருக்கு மானியம் காணிக்காரர் பெயரில் போவதும் உண்டு.

அக்கரைப்பற்று_கொம்பிளையன்ஸ்

அப்படியென்றால் ஐந்து ஏக்கருக்குள் இருப்பவரை மானிய வரவை வைத்தே விட்டுவிடலாம். அதற்கு மேல் சொல்பவரிடம் மட்டும் மில் சிட்டை கேட்போம். எங்கள் கிளையில் அலேர்ட் பாதியாகக் குறைந்தாலே எனக்குப் போதும்.

கல்லடிப்பாலம்

சரி. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் முன், கடந்த இரண்டு பெரும்போகத்தில் மூடிய அலேர்ட்களின் மேல் இந்த விதியை எக்செல்லில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். பழைய முறை பிடித்து இது விட்டவற்றையும், இது பிடித்துப் பழையது விட்டவற்றையும் தனித்தனியாக எடுத்து வைக்கிறேன். பழைய_பேரேடு ஐயா, இரண்டாவது குவியலை ஒருமுறை உங்களோடு இருந்து பார்க்க வேண்டும். கணக்கிலக்கம், பெயர் எல்லாம் அழித்துத்தான் கொண்டுவருவேன்.

பழைய_பேரேடு

சனிக்கிழமை வாங்க. முதலாவது குவியலையும் கொண்டுவாங்க, விட்டதில்தான் எனக்கு ஆசை.